கூட்டிக் கூட்டிக் குடித்த குளிசை

பிள்ளைகளே, உங்கள் சிறப்பு மலருக்கு என்று நீங்கள் என்னிடம் கேட்டது பேறுகாலச் சத்திரசிகிச்சை அனுபவங்களை. அதை எழுத மாட்டேன். கத்தி பிடிப்பதைப் புத்தகத்தில் படிக்கலாம், பக்கத்தில் நின்று பார்க்கலாம், கை பிழைத்தால் ஏச்சு வாங்கிப் பழகலாம். என்னிடம் ஏச்சு வாங்காத ஆள் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. நான் எழுதப் போவது வாயைப் பற்றி. ஒரு வைத்தியர் எதை, யாரிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பது என்பதைப் பற்றி. அதற்கு ஒரு பேராசிரியரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை.

இதில் ஒரு தாய், அவருடைய மகன், மருமகள் என்று மூன்று பேர் வருகிறார்கள். அவர்களில் இருவர் இன்று இல்லை. மிஞ்சியிருப்பவரிடம் நேரில் போய்க் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகனைக் குகன் என்றும் மருமகளை வசந்தி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தாயை நாங்கள் எல்லோரும் குகன்ரை அம்மா என்றுதான் சொன்னோம்.

யுத்த காலம், கொழும்பு. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் நானாவின் பார்மசிக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் நோயாளர் பார்ப்பது, பிறகு வெள்ளவத்தையில் என் அடுக்குமாடி பிளட். இவ்வளவும்தான் என் உலகம். தம்பி லண்டனில், தங்கச்சி டொரொண்டோவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், அதில் பாதி நேரம் 'கேக்குதோ, கேக்குதோ' என்று போய்விடும். நான் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அதை எழுத இன்னொரு மலர் போட வேண்டும். வெள்ளவத்தை அப்போது வடக்கிலிருந்து வந்த சனத்தால் நிரம்பிக் கிடந்தது. லொட்ஜுகளில் விசாவுக்காகக் காத்திருப்பவர்கள், பிள்ளையைப் பொலிஸ் பிடித்துவிட்டதென்று காத்திருப்பவர்கள். அத்தனை சனத்துக்கு நடுவில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வைப்பேன். தனிமை என்றால் எனக்கு அதுதான். பழகிவிட்டது என்று சொல்வார்கள், எனக்குப் பழகவில்லை.

பிள்ளையில்லாத வீடுகளில் எங்கள் சனம் செய்கிற பிழை ஒன்று இருக்கிறது, நீங்கள் இன்றும் பார்ப்பீர்கள். மாமியார் மருமகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். மருமகளுக்கு எல்லாச் சோதனையும் செய்தாகியிருக்கும், பத்தியம் பிடித்தாகியிருக்கும், மேளம் கேட்ட கோயிலெல்லாம் விரதம் இருந்தாகியிருக்கும். மகன்காரன் மட்டும் வரமாட்டார். அவருக்கு என்ன, ஆம்பிளைதானே! ஆகையால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். புருஷன் வந்து தன்னைக் காட்டாமல் பெண்ணுக்கு மாத்திரை, குளிசை ஒன்றும் எழுத மாட்டேன். இதனால் எனக்கு நோயாளர் குறைந்தார்கள். நானாவும் தன் வியாபாரம் குறைகிறதென்று மூக்கால் அழுவார்.

குகன்ரை அம்மா அப்படித்தான் ஒரு பின்னேரம் வசந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. வடக்கே பருத்தித்துறைப் பக்கத்துக்காரி, கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவர். புருஷன் றெயில்வேயில் கிளார்க்காக இருந்து இறந்துபோனார். ஒரே மகன். கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு ஓடி, வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தார்கள். வசந்தி பாமன்கடையில் வளர்ந்த பெண், ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். அவளிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. மாமிக்கும் ஒருக்கால் பார்க்கவா என்று கேட்டேன். வசந்தி குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அன்று முழுக்கச் செய்தது அது ஒன்றுதான்.

காரணம் தனக்குத் தெரியும் என்றார் குகன்ரை அம்மா. குகனுக்கு முதல் அவருக்கு மூன்று பிள்ளைகள் கலைந்து போயின. நாலாவது தங்கினால், அது ஆம்பிளைப் பிள்ளையானால், அவன் வளர்ந்து தன் ஊரில் இருக்கும் சந்நிதி முருகனுக்குக் காவடி எடுப்பான் என்று நேர்ந்து, ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமியறையில் வைத்தார். பிள்ளை தங்கியது. இவன் படிப்பை முடிக்கட்டும், வேலையில் சேரட்டும் என்று நேர்த்தி தள்ளிக்கொண்டே போனது. பிறகு சண்டை வந்து பாதை மூடிவிட்டது. முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. வீட்டை விட்டு ஓடியபோதும் அதைத்தான் முதலில் எடுத்தாராம். குடுக்க வேண்டியதைக் குடுக்காததால் முருகன் வம்சத்தை மறித்து வைத்திருக்கிறான் என்பது அவருடைய முடிவு. கொழும்பிலேயே இருக்கிற ஜிந்துப்பிட்டி முருகனுக்குச் செய்தால் என்ன, அவரும் முருகன்தானே என்று கேட்டேன். ஒரு வாசலுக்கு நேர்ந்ததை இன்னொரு வாசலில் இறக்க முடியாது என்று எனக்கு விளக்கம் சொன்னார், ஏதோ நான் நேற்றுத்தான் சைவத்துக்கு வந்தவள் போல.

குகன் சில கிழமைகள் கழித்துத் தனியாக வந்தார். கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. நானாவின் கடையில் தலையிடிக் குளிசை வாங்க வந்தவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்து, மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார். ஒரு பெண் டொக்டரின் முன்னால் படுத்திருக்கும்போது அவர் முகட்டுக் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சின்ன வயதில் அவருடைய ஒரு விதை கீழே இறங்காமல் உள்ளேயே நின்றிருக்கிறது, ஒப்பரேஷன் செய்து இறக்கியிருக்கிறார்கள். வீட்டில் அதற்கு 'ஹேர்ணியா' என்று பெயர் வைத்து, அந்தப் பேச்சையே மூடிவிட்டார்கள். இரண்டு விதைகளும் சிறிதாக இருந்தன. ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு நீர்க்கட்டி கையில் பட்டது. விந்துச் சோதனையில் தேடித் தேடிப் பார்த்தால் ஒன்றிரண்டு உயிரணுக்கள் இருந்தன. இன்று நீங்கள் ஓர் ஊசி முனையால் ஒன்றை எடுத்து முட்டைக்குள் விட்டுவிடுகிறீர்கள். அன்று எங்களிடம் அது இல்லை. உங்களுக்குப் பிள்ளை கிடைப்பது மிகவும் கடினம், தம்பி, என்று நேராகச் சொன்னேன். வளைத்து நெளித்துச் சொல்வது எனக்கு வராது.

அவர் எழும்பிச் சேர்ட்டைச் சரிசெய்தார். பிறகு, இது ஏன் வந்தது என்று கேட்டார். நான் திருப்பி, நீங்கள் வயிற்றில் இருந்தபோது அம்மா ஏதாவது மருந்து எடுத்தாவோ என்று கேட்டேன். அவருக்கு என்ன தெரியும்! எந்த மகன் தாயிடம் அதைக் கேட்டிருக்கிறான்? வசந்தியிடம் நீங்களே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவள் சும்மா மருந்து குடித்துக்கொண்டு திரிவாள் என்றேன். சம்மதித்தார். சொன்னதைச் செய்தார், அன்றிரவே சொல்லிவிட்டார். ஆனால் எழும்பிப் போகுமுன் கதவடியில் நின்று ஒன்று கேட்டார்.

"டொக்டர், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மூண்டு பிள்ளையைப் பறிகுடுத்திட்டு என்னைப் பெத்தவ. என்னிலை குறை எண்டு அறிஞ்சா அவ தாங்கமாட்டா. நீங்கள் ஒருக்காலும் சொல்லக்கூடாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்காவிட்டாலும் அது என் கடமை. ஆனால் 'மூன்று பிள்ளையைப் பறிகொடுத்து' என்ற அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. நான் மேற்படிப்புக்கு இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது, அங்கே கிளினிக்குகளில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கப் பழக்கினார்கள். உன் தாய் உன்னைச் சுமந்தபோது ஸ்டில்பெஸ்ட்ரோல் எடுத்தாளா? பெண் ஹோர்மோனைப் போலவே வேலை செய்யும், ஆனால் ஆய்வுகூடத்தில் செய்த குளிசை அது. கரு கலைந்து கலைந்து போகும் தாய்மாருக்கு, பிள்ளை தங்கும் என்று நம்பி ஒரு காலத்தில் கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாய்மாரின் மகள்மாரில் சிலருக்குப் பெரிய நோய்கள் வந்தன என்று. மகன்மாரைப் பற்றி அதற்கும் பிறகுதான் பேசினார்கள். சிலருக்கு விதை இறங்காது, சிலருக்குக் கட்டி வரும், சிலருக்கு விந்து குறையும். எல்லோருக்கும் அப்படி இல்லை, இன்றும் முழுக்கத் தெளிவில்லை. நான் எதையும் முடிவு கட்டவில்லை. நினைத்து வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வசந்தி தனியாக வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். கதிரையில் உட்காராமலே பேசினாள். வெள்ளிக்கிழமை மாமியும் அவரும் ஊருக்குப் போகிறார்கள், றெயிலில் வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து கிளாலிக் கடல்நீரேரிக் கரைக்கு, பிறகு அந்தக் களப்பைப் படகில் தாண்டி. கோயில் கொடியேறப் போகிறது, அவர் காவடி எடுக்க வேண்டுமாம்.

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது, ஆகையால் சொல்கிறேன். அந்தக் களப்பில் படகுகளைக் கண்டால் நேவி சுடும். போனவர்களில் திரும்பி வராதவர்கள் பலர். எந்த லொட்ஜில் அழுகைச் சத்தம் கேட்டாலும் அதைத்தான் முதலில் நினைப்போம். தாண்டிவிட்டாலும், அந்த வயதுப் பெடியனை அந்தப் பக்கத்து இயக்கக்காரர்கள் லேசில் திரும்ப விட மாட்டார்கள். பாஸ் வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். அதையும் தாண்டி வந்தால் இந்தப் பக்கத்தில் பொலிஸ், எதற்கு அங்கே போனாய் என்று கேட்டுக் கொண்டுபோய் அடைத்துவிடும்.

"அவர் சும்மா ஓம் எண்டிட்டார் டொக்டர்," என்றாள் வசந்தி. "போறதெல்லாம் வீண் எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமிக்கு மட்டும் தெரியாது. நீங்கள் சொன்னா அவ கேப்பா. அவர் போனா வரமாட்டார்."

நான் உடனே நானாவின் போனில் குகனின் ஒஃபீசுக்கு எடுத்தேன். என் வாக்கை எனக்குத் திருப்பித் தாருங்கள், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். ஓம் பிள்ளைகளே, நான் கெஞ்சினேன். பிறகு ஏசினேன். நீங்கள் என்ன, புத்தி கெட்ட ஆளா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டொக்டர், அம்மாவிட்டை அதைச் சொல்றதைவிடக் களப்பைத் தாண்டுறது எனக்கு லேசு."

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, கடற்கரைத் தண்டவாளப் பக்கமாக நடந்து வீட்டுக்குப் போனேன். ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டினேன். ஆமிப் பெடியன் 'டொக்டர் நோனா' என்று வழிவிட்டான். அவனுக்கும் எங்கோ ஒரு தாய் நேர்த்தி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. கூட வேலை செய்பவர்களிடம் சொன்னால், வெள்ளவத்தையில் ஒருவரை ஒருவர் தெரியாத ஆள் இல்லை, அடுத்த நாளே சந்தையில் கதை நிற்கும். லண்டன் தம்பிக்கு எடுத்தால் 'அக்கா, நீங்கள் இதுக்குள்ளை தலையைப் போடாதேங்கோ' என்பான். இந்த மாதிரி நேரத்தில்தான் கலியாணம் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். சொல்ல முடியாததையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க ஒரு ஆளாவது இருந்திருக்குமே.

சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கும்போதுதான் ஒன்று விளங்கியது. குகனின் உடம்பு குகனுடைய இரகசியம், அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தத் தாயின் வயிறு அந்தத் தாயினுடையது. அவர் சுமந்த பிள்ளைப்பேற்றைப் பற்றி, அவர் குடித்த மருந்தைப் பற்றி, அவரிடம் கேட்கவும் சொல்லவும் ஒரு வைத்தியருக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். இது குறுக்கு வழி என்று உங்களில் சிலர் சொல்லலாம். சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வேறு நல்ல வழி கிடைத்தவர்கள் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

தூரப் பயணம் போகிற ஆள் பிறஷர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வசந்தியிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த நாளே குகன்ரை அம்மா வந்தார், சந்தோஷமாக. கைப்பையில் இருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் காட்டினார். துணி வெளிறி, முடிச்சுப் போட்ட இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, குகன் வயிற்றில் இருந்தபோது உங்களை யார் பார்த்தது என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், அவருக்கு வயது குறைந்துவிட்டது. கொழும்பில் அப்போது பெயர் பெற்ற ஒரு பெரிய டொக்டராம், சீமையில் படித்தவராம். சாதாரண ஆட்களால் அவரிடம் போக முடியாதாம். புருஷன் எங்கெல்லாமோ சொல்லிப் பிடித்தாராம். அவர் ஒரு குளிசை கொடுத்தார். சின்ன வெள்ளைக் குளிசை, கப்பலில் வந்தது. "முதல் கொஞ்சமாத்தான் தந்தவர். பிறகு ஒவ்வொரு கிழமையும் கூட்டிக் கூட்டிக் குடிக்கச் சொன்னவர். கடைசி மாதம் வரைக்கும் குடிச்சனான்," என்றார்.

கிழமைக்குக் கிழமை, வாராவாரம் அளவைக் கூட்டிக் கொடுப்பது. அது என்ன குளிசை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படித்த முறை அச்சொட்டாக அதுதான். பட்டியைக் கழற்றி மடித்து வைத்தேன்.

பிறகு சொன்னேன். மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் குளிசையைப் பற்றி மட்டும் சொன்னேன். நல்லதென்று நினைத்துத்தான் உலகம் முழுக்கக் கொடுத்தார்கள், பிறகு பிள்ளைகளில் சிலருக்குப் பாதிப்பு இருப்பதைக் கண்டு நிறுத்தினார்கள், ஆம்பிளைப் பிள்ளைகளில் சிலருக்கு விதை கீழே இறங்காமல் நிற்கும், சிலருக்குப் பிறகு பிள்ளைப் பாக்கியம் குறையலாம் என்று. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, 'சிலருக்கு', 'இருக்கலாம்' என்று அழுத்திச் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லக்கூடாது. அந்தச் 'சிலருக்கு'தான் எங்கள் நேர்மை.

அவர் மடியிலிருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாததெல்லாம் அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. அந்த 'ஹேர்ணியா' ஒப்பரேஷன் அவர் கண்முன்னே வந்திருக்க வேண்டும்.

"அவன் உங்களிட்டை வந்தவனோ?"

"ஆர் வந்தது, ஆர் போனது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்றேல்லை அம்மா."

தலையை ஆட்டினார். வெளியே நானா யாரோடோ சிங்களத்தில் விலை பேசுகிற சத்தம் கேட்டது.

"ஒரு நேரமும் தவறவிடேல்லை டொக்டர்," என்றார். "கந்தசஷ்டிக்குத் தண்ணியும் குடியாமல் இருந்தனான். அப்பவும் குளிசையை விடேல்லை. நான்தானே என்ரை கையாலை எடுத்துக் குடிச்சனான்."

அவர் அழுதார். நானும் அழுதேன். நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று உங்களுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அன்று அழுதேன். உங்களுக்கும் தெரியாது, தந்த டொக்டருக்கும் தெரியாது, அந்த நேரம் ஒருவருக்கும் தெரியாது, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குளிசை இல்லாட்டி அவன் தங்கியிருக்கமாட்டான்தானே?"

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் பெரியது. 'ஓம் அம்மா, தங்கியிருக்கமாட்டான்' என்று சொன்னால் போதும். குளிசைதான் பிள்ளையைத் தந்தது, விலையாகக் கொஞ்சம் எடுத்தது, முருகனுக்கு இதில் வேலை இல்லை, பயணமும் தேவையில்லை. தாய் ஆறுதலோடு போவார், மகன் உயிரோடு இருப்பான். ஆனால் அது பொய். அந்தக் குளிசையால் பிள்ளை தங்குவதில்லை என்று கண்டுபிடித்துத்தானே அதை நிறுத்தினார்கள். உண்மையைச் சொன்னால், அத்தனை குளிசையும் வீணுக்குக் குடித்தது என்று ஆகிவிடும். இரண்டு சொல்லும் என் நாக்கு நுனியில் நின்றன. அவருடைய கண்கள் என்னை விட்டு விலகவில்லை. பொய் சொல்லி அனுப்பியிருந்தால் பிறகு அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

"இல்லை அம்மா. அந்தக் குளிசையாலை பிள்ளை தங்கிறேல்லை எண்டு பிறகு கண்டவை," என்றேன்.

அவர் முடிச்சை இறுக்கிப் பிடித்தார். "அப்ப சந்நிதியான்தான் தந்தவன்," என்றார்.

முடிந்தது, நானே படகில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். குளிசை தராத பிள்ளையை முருகன் தந்தான் என்றால் கடன் இன்னும் பெரிதல்லவா? இனி யார் மறித்தாலும் நிற்க மாட்டார். அவர் தொடர்ந்து பேசினார், என்னோடு அல்ல, தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவர் போல.

"தந்தவன் ஏன் கெடுக்கப்போறான்? நான் இவ்வளவு காலமும் அவன் கோவிச்சுப்போட்டான் எண்டெல்லோ நினைச்சனான். அவன் கோவிக்கேல்லை. குளிசைதான் செய்தது. கோவமில்லாதவன் பொறுப்பான். பாதை திறக்கட்டும்."

முடிச்சைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். கதவடிக்குப் போய், மகன் நின்ற அதே இடத்தில் நின்று, மகன் கேட்டதையே அவரும் கேட்டார். தான் அறிந்தது குகனுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் அம்மா தன்னால்தான் என்று அழுகிறாள் என்று அவன் உடைந்துபோவான், சத்தியம் பண்ணுங்கோ என்றார். பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் போகவில்லை. முருகன் கனவில் வந்து 'பொறு' என்று சொன்னானாம், அம்மா அப்படிச் சொல்லிப் பயணத்தை நிறுத்திவிட்டா என்று குகன் வந்து எனக்குச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் நல்ல கனவு என்று சிரித்தேன். வசந்தி வந்து, மாமியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். பிறஷர் கூட, பயணம் கூடாது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நான் நடுவில் நின்றேன். குகன்ரை அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்கு வந்தால், திரும்பும் வழியில் என் அறைக்கும் வருவார். திருநீற்றைத் தந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், போவார். அவருக்கு வேறு எங்கேயும் அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். குகனும் இடைக்கிடை வருவார், கட்டியைக் காட்டுவது வெறும் சாட்டுத்தான். அம்மா இப்போது பேரப்பிள்ளை கேட்பதில்லை, வயது போகப்போக மறந்துவிட்டா போல என்பார். இரண்டு பேரும் என்னிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டு லேசாகிப் போனார்கள். நான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்க் கதவைத் திறப்பேன்.

பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்தது. தாயும் மகனும் மருமகளும் வாடகை வான் வண்டியில் போனார்கள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் குகன் காவடி எடுத்தார். அம்மாவின் ஆசைக்காக எடுத்தேன் டொக்டர், இனி என்ன பிள்ளையா பிறக்கப் போகிறது என்றார் என்னிடம். அவன் எனக்குத் தங்கினதுக்கு நன்றி சொல்லித்தான் டொக்டர் எடுக்க வைத்தனான், பேரப்பிள்ளைக்கு இல்லை என்றார் தாய். இரண்டையும் தனித்தனியே கேட்டு, இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

யுத்தம் முடிய முதலே குகன்ரை அம்மா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, குகன் அவருடைய நினைவு மலரைக் கொண்டுவந்து என் பிளட்டில் தந்தார். முன் பக்கத்தில் அந்த நிறையத் திருநீறு பூசிய முகம். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது சொன்னார்:

"நல்ல காலம் டொக்டர். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்டும் தெரியாது. நிம்மதியாப் போயிட்டா."

"ஓம் தம்பி," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்து, அவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு அதிக நேரம் இருந்தேன். இந்தத் தொழிலில் கை கழுவப் பழக்குவார்கள். இதைக் கழுவ ஒருவரும் பழக்குவதில்லை.

குகனும் இப்போது இல்லை. மாரடைப்பு. நீங்கள் எழுதக் கேட்டபோது, வசந்தியிடம் போனேன். பாமன்கடையில் தன் தங்கை வீட்டோடு இருக்கிறாள். எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னேன், குளிசை, முடிச்சு, இரண்டு சத்தியம் எல்லாம். இவ்வளவு காலமும் மறைத்ததற்கு ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் டொக்டர்," என்றாள். "அண்டைக்கு மாமி உங்களிட்டை இருந்து வந்து, குசினிக்குள்ளை நிண்ட என்ரை தலையைத் தடவினவ. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் அப்பிடிச் செய்ததில்லை. ஒண்டும் சொல்லேல்லை, தடவினவ. அதோடை எல்லாம் விளங்கினது. இவரும் பாவம், மாமியும் பாவம் எண்டு நானும் ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளேல்லை. எழுதுங்கோ."

ஒரே வீட்டில் மூன்று பேர், பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் ஒருத்தி. ஒரே விஷயத்தை நாலு பேரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறோம். எல்லாம் தெரிந்து சுமந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பிள்ளைகளே, இவ்வளவு வருடமும்.